ஃப்ரீசர் நிற்காமல் ஓடுகிறது, மீன் மட்டும் இளகிவிடுகிறது: கம்ப்ரஸரை மாற்றுவதற்கு முன்

கடலூர் முதுநகர் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கும் தம்பி கேட்டிருக்கிறார். மீன், இறால், கொஞ்சம் ஐஸ்கிரீம் வியாபாரம். இரண்டு வருடத்துக்கு முன் பழையதாக வாங்கிய 400 லிட்டர் டீப் ஃப்ரீசர். ராத்திரியில் கல் மாதிரி இருக்கும் இறால் பொட்டலம், மதியம் மூன்று மணிக்கு விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. கம்ப்ரஸர் நிற்பதே இல்லை. இரண்டு தடவை கேஸ் ஏற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி அதே கதை. இப்போது வந்து பார்த்தவர் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம், தம்பி. இந்த வாரம் மாற்றவே வேண்டாம்.

இருபது வருடத்துக்கு மேல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவில் இந்த வேலைதான் செய்கிறேன். நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் எனக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. ஒன்று, ராத்திரி கல்லாக இருப்பது மதியம் இளகுவது. இன்னொன்று, அந்த மூன்று வாரம். இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துத்தான் எல்லோரும் கேஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிகிறது.

முதலில் கேஸ் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பணம் போனது அங்கேதான். ஃப்ரீசரில் கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் காயிலில், அதாவது வளைத்துச் சுற்றின குழாயில், கொதித்து ஆவியாகும்போது மீனின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளிக் காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டைக் காற்றில் கொட்டிவிட்டுத் திரவமாகித் திரும்பவும் உள்ளே போகிறது. குழாய் முழுசாக இருந்தால் பத்து வருடம் ஆனாலும் ஒரு கிராம் குறையாது. ஆகவே "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி உடனே கேட்க வேண்டும்: எந்த வழியாகப் போனது? அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் மேலே கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. உங்கள் குடம் மூன்று வாரக் குடம்.

ஆனால் குழாயைத் திறக்கும் வேலைக்குப் போவதற்கு முன்னால், காசு செலவில்லாமல் நீங்களே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் ஒன்று விட்டுப்போனாலும், நாளைக்கு நல்ல மெக்கானிக் வந்து ஓட்டையை அடைத்த பிறகும் மதியத்தில் இறால் இளகும்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒயர் முனையில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. அந்த முனையைக் காற்றில் தொங்க விடாமல், பெட்டியின் நடுவில் இரண்டு பொட்டலத்துக்கு இடையில் செருகி வையுங்கள். பெட்டியின் முன்னால் மின்னும் எண்ணை நம்ப வேண்டாம், அது சென்சார் ஒட்டியிருக்கும் சுவரின் சூடு. லேசர் அடிக்கும் துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுவும் பளபளப்பான அலுமினியச் சுவரில் தப்பாகக் காட்டும். உறைந்த மீனுக்கும் ஐஸ்கிரீமுக்கும் மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு நாள், காலை ஆறு, மதியம் மூன்று, ராத்திரி பத்து என்று ஒரு அட்டையில் எழுதுங்கள். "குளிர் பத்தல" என்று சொல்வதற்கும் "காலையில் மைனஸ் 17, மதியம் மைனஸ் 6" என்று சொல்வதற்கும் மெக்கானிக் காதில் பெரிய வித்தியாசம் உண்டு.

அப்புறம், பெட்டியின் கீழ்ப்பக்கம் குனிந்து பாருங்கள். இப்போது கடைகளில் இருக்கும் பல பெட்டிகளில் ஒரே பெட்டியைக் கூலராகவும் ஃப்ரீசராகவும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். தரை துடைக்கும் மாப்பு பட்டாலே புரண்டுவிடும் உயரத்தில் இருக்கிறது. அரியாங்குப்பத்தில் ஒரு பேக்கரியில் மூன்று நாளாகக் கேக்குக்கான கிரீம் உறையவில்லை என்று கூப்பிட்டார்கள். அழுத்தம் பார்க்கும் கேஜ், சிலிண்டர் எல்லாம் தூக்கிக்கொண்டு போனேன். போய்க் குனிந்தால் சுவிட்ச் கூலர் பக்கம் இருந்தது. அந்த அக்காவுக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது, மூன்று நாள் சரக்கு வீணாகியிருந்தது. உங்கள் பெட்டி கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுவதால் இது இல்லை என்று நினைக்கிறேன். கூலர் நிலையில் இருந்தால் சீக்கிரமே நின்றுவிடும். ஆனாலும் பார்க்க அரை நிமிடம்தான்.

இனி மதியத்துக் கதைக்கு வருகிறேன்.

வெளிக் காயில் சூட்டைக் காற்றில் கொட்ட வேண்டுமானால், காற்று காயிலைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், காற்று அங்கே போய்வரவும் வழி இருக்க வேண்டும். தகர ஷீட் போட்ட கடைக்குள் கத்திரி வெயில் காலத்தில் மதியம் 40 டிகிரி சாதாரணம். பெட்டியின் பெயர்ப்பலகையில் காலநிலை வகை என்று ஒரு எழுத்து இருந்தால் பாருங்கள். 'டி' (T) என்றால் 43 டிகிரி வரை தாங்கச் செய்தது, 'எஸ்டி' (ST) என்றால் 38, வெறும் 'என்' (N) என்றால் 32 வரைதான். பழையதாக வாங்கும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. 'என்' வகைப் பெட்டியை நம் ஊர் ஷீட் கடையில் வைத்துவிட்டு அதைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை.

பெட்டியின் பக்கவாட்டுத் தகடு தொட்டால் சூடாக இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பெட்டிக்கு வெளிக் காயில் அந்தத் தகட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, அதில் அரிசி மூட்டை சாய்த்தாலோ, தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கினாலோ சூடு போக இடமில்லை. நான்கு பக்கமும் ஒரு சாண் விட்டு இழுத்துப் போடுங்கள். தகடு சூடாகாமல், கீழே ஜன்னல் கம்பி மாதிரி ஒரு ஜாலி இருந்து அதற்குள் ஃபேன் ஓடினால் காயில் அங்கே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜாலியைக் கழற்றுங்கள்.

அங்கே என்ன இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். மீன் கடையில் தூசி உலர்ந்த தூசியாக இருக்காது. உப்புக் காற்றின் ஈரமும், செதிலும், அட்டைப்பெட்டி நாரும் சேர்ந்து காயில் இடுக்கில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி பிடித்திருக்கும். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழு ஜமுக்காளமாக வரும். அதை எடுத்துவிட்டு மென்மையான பிரஷ்ஷால் இடுக்கின் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். தேவனாம்பட்டினம் பீச் பக்கத்தில் ஒரு கடையில் நான் பிரஷ் வைத்த உடனேயே தகடுகள் பிஸ்கெட் மாதிரி பொடிந்து உதிர்ந்தன. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நான்கைந்து வருடத்தில் அலுமினியம் அப்படித்தான் ஆகிறது. குழாய் மட்டும் நிற்கும், தகடு இருக்காது. அந்தக் காயிலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். உங்களுடையது அந்த நிலையில் இருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். சுத்தம் செய்து மூடின பிறகு பிளக் போட்டு, ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்த ஃபேன் காலையில் ஓடும், சூடு ஏறினதும் மதியத்தில் நொண்டும். ராத்திரி கல், மதியம் இளக்கம் என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

கரண்ட்டையும் இதோடு பார்த்துவிடலாம். மதியம் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும் நேரத்தில், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் இடத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். 230 வர வேண்டியது 190க்குக் கீழே விழுந்தால் கம்ப்ரஸர் திணறும், சூடாகும், சூடு ஏறினால் கரண்ட்டை வெட்டும் ஓ.எல்.பி. தூக்கிவிடும். 'டிக்' என்று ஒரு சத்தம், சில நிமிடம் அமைதி, மறுபடி ஒரு முனகல், 'டிக்'. இப்படிக் கேட்டால் வோல்டேஜ், கம்ப்ரஸரை ஸ்டார்ட் செய்ய உதவும் ரிலே, கப்பாசிட்டர் மூன்றையும் பார்க்காமல் கம்ப்ரஸரில் கை வைக்கக் கூடாது. மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஃப்ரீசரை ஓட்டினால் ஒயர் நீளத்திலேயே வோல்டேஜ் தின்றுபோகும். சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள், எர்த் இருக்க வேண்டும். மீன் தண்ணீர் சொட்டும் தரையில் எர்த் இல்லாத இரும்புப் பெட்டி உயிரை எடுத்துவிடும். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடமாவது தாமதித்துக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் போடுங்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாகாமல் உடனே ஸ்டார்ட் கொடுத்தால் கம்ப்ரஸர் சுற்ற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

மூடியின் ரப்பருக்கு ஒரு சோதனை. பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கு நடுவில் வைத்து மூடியை மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டும். உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. சுற்றி ஒரு சாணுக்கு ஒரு இடமாகப் பாருங்கள். மீன் கடையில் பெரும்பாலும் ரப்பர் கெட்டிருக்காது, அதன் மடிப்பில் மீன் வழும்பும் உப்பும் காய்ந்து கெட்டியாகியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து மடிப்புக்குள் விட்டுத் துடைத்தாலே பாதிக்குச் சரியாகும். வளைந்துபோன ரப்பரை வெந்நீர்த் துணியால் சூடாக்கி நீவி, மூடியைச் சாத்தி ராத்திரி முழுக்க விட்டால் படியும். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

சரி, இப்போது எல்லோரும் கோபப்படும் விஷயம். சரக்கு வைக்கும் முறை.

உங்கள் பெட்டி உறைந்த மீனை உறைந்தபடியே வைத்துக்கொள்ளச் செய்தது. மீனை உறைய வைக்கும் மெஷின் வேறு, ஏற்றுமதி கம்பெனிகளில் இருப்பது அது. காலையில் துறைமுகத்தில் எடுத்த 50 கிலோ மீனை அப்படியே பெட்டிக்குள் கொட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 400 கிலோஜூல் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதில் பாதிக்கும் மேல், மீனில் இருக்கும் தண்ணீர் ஐஸாக மாறும் அந்த ஒரு கட்டத்துக்கே போகும். 50 கிலோவுக்கு 20,000 கிலோஜூல். உங்கள் அளவுப் பெட்டி விநாடிக்குக் கால் கிலோஜூல், அதாவது 250 வாட் அளவுக்குச் சூட்டை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80,000 விநாடி ஆகும். 22 மணி நேரம். அதுவும் மூடியைத் திறக்காமல், சுவர் வழியாக ஒரு துளி சூடு வராமல் இருந்தால். நிஜத்தில் ஒன்றரை நாள். அதற்குள் அடுத்த நாள் காலை மீன் வந்துவிடும். அப்புறம் எப்படி கம்ப்ரஸர் நிற்கும்? இதற்கு நடுவில் ஏற்கனவே கல்லாக இருந்த இறால் பக்கத்துச் சூட்டு மீனால் இளகும்.

ஆகவே வந்த மீனை முதலில் நொறுக்கின ஐஸில் இரண்டு மணி நேரம் போட்டு நன்றாகக் குளிர வையுங்கள். அதிலேயே மேலே சொன்ன வேலையில் கால்வாசி குறைந்துவிடும். பிறகு தண்ணீர் வடித்து, மெல்லிய தட்டையான பொட்டலமாகக் கட்டி, ஒரு தடவைக்கு ஏழெட்டு கிலோவுக்கு மேல் போகாமல், சுவரை ஒட்டி வையுங்கள். சுவரில்தான் உள் காயில் இருக்கிறது. ராத்திரி கடை மூடும்போது போட்டால் இன்னும் நல்லது. ஐஸ்கிரீமை அதே பெட்டியில் வைப்பதை நிறுத்திவிடுங்கள். ஒருமுறை இளகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம் நாக்கில் மணல் மாதிரி நறநறக்கும், மறுபடி அந்த வாடிக்கையாளர் வரமாட்டார்.

சுவரில் ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் கட்டினால் பெட்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, தானாகக் கரைய விட்டு, கீழ் அடைப்பானைத் திறந்து தண்ணீரை விடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. தேங்காய்த்திட்டு பக்கத்தில் ஒரு பையன் என் கண் முன்னாலேயே ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டினான். நான் 'வேண்டாம்டா' என்று வாய் திறப்பதற்குள் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. ஐஸுக்கு அடியில் மில்லிமீட்டர் கனத்துக்கும் குறைவான உள்தகடு, அதற்குப் பின்னாலேயே ஒட்டினபடி காயில் குழாய். முக்கால் பெட்டி வஞ்சிரம் உள்ளே இருந்தது. அந்தப் பையன் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

இனி அந்த மூன்று வாரத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி செய்த பிறகும் கேஸ் குறைவா என்று நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, ஐஸ் முழுக்கக் கரைத்து, துடைத்து எடுங்கள். ஈரத் துணியால் நான்கு சுவரையும் லேசாக ஒற்றி ஒரு ஈரப்படலம் மட்டும் இருக்கும்படி விடுங்கள். மூடியைச் சாத்தி ஓட விடுங்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். நான்கு சுவரிலும் மாவு தூவின மாதிரி ஒரே சீராக வெண்பனி படிந்திருந்தால் கேஸ் அளவு சரி. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகப் பனி பிடித்து, போகப் போக மங்கி, கடைசிச் சுவர் வெறும் ஈரமாகவே நின்றால் கேஸ் குறைவு, இல்லாவிட்டால் குழாயில் பாதி அடைப்பு. எங்கேயும் எதுவும் படியாமல் கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் கேஸ் முழுக்கப் போயிருக்கும், அல்லது குழாயில் முழு அடைப்பு, அல்லது கம்ப்ரஸர் வால்வு போயிருக்கும். அந்தப் பனிக் கோடு எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து வையுங்கள்.

அடைப்பில் ஒரு வகை உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை உண்டாக்குவதே அரைகுறை கேஸ் வேலைதான். குழாய்க்குள் ஈரம் போயிருந்தால் கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் உள் காயிலில் போய்ச் சேரும் முனையில் ஒரு துளி தண்ணீர் ஐஸாகி அடைத்துக்கொள்ளும். குளிர் நின்றுவிடும். பெட்டியை நிறுத்தி வைத்தால் அந்தத் துளி கரைந்து, மறுபடி சில மணி நேரம் நன்றாக ஓடும், மறுபடி அடைக்கும். ஆர் 134ஏ கேஸோடு ஊற்றும் எஸ்டர் ஆயில் ஈரத்தை வெறியோடு உறிஞ்சும். நம் ஊர்க் கடற்காற்றில் குழாயை வெட்டித் திறந்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் போதும்.

ஆகவே உங்கள் பெட்டிக்கு இரண்டு தடவை கேஸ் ஏற்றினவரைக் கேட்க வேண்டியது இவை. குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்யூம் பம்ப் போட்டு எவ்வளவு நேரம் இழுத்தார்? குழாயில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் டிரையரை மாற்றினாரா? கேஸைத் தராசில் எடை போட்டு ஏற்றினாரா, இல்லை கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து ஏற்றினாரா? பெயர்ப்பலகையில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது, அதே கேஸைத்தான் போட்டாரா? ஆர் 290 என்று போட்டிருந்தால் அது புரோப்பேன், எரியும் கேஸ். மொத்தமே 150 கிராமுக்குள் இருக்கும். பத்திருபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். அந்தப் பெட்டியில் கேஸை முழுக்க வெளியேற்றாமலோ, காற்றோட்டம் விடாமலோ நெருப்பு வைத்துக் குழாயைப் பற்றவைத்து ஒட்டுவது ஆபத்து. சமையல் சிலிண்டரில் இருந்தே ஏற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது தூய புரோப்பேன் கிடையாது, கலவை. கடைக்குள் அனுமதிக்காதீர்கள்.

நல்லபடியாகச் செய்வதென்றால் முதலில் கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் கொடுத்து, எல்லா ஒட்டு இடத்திலும் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் இல்லை என்று ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினால் தடுத்து நிறுத்துங்கள். அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். மூன்று வாரம் தாங்குகிற லீக் சின்ன லீக். என் அனுபவத்தில் அது முதலில் தேட வேண்டிய இடம், போன தடவை கேஸ் ஏற்றிவிட்டு நசுக்கி மூடின அந்தக் குழாய் முனை. அடுத்தது டிரையர் ஒட்டு. அடுத்தது வெளிக் காயிலின் வளைவுகள். உப்பு அரித்த காயிலைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான், தகடு உதிர்ந்த காயிலில் குழாயிலும் ஊசித் துளை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் உங்கள் மதியக் கதைக்கும் மூன்று வாரக் கதைக்கும் ஒரே காயில் மாற்றத்தில் முடிவு வந்துவிடும்.

வெளியில் எங்கும் நுரை வரவில்லை, ஆனால் அழுத்தம் இறங்குகிறது என்றால் உள் குழாயையும் வெளிக் குழாயையும் தனித்தனியாகப் பிரித்து மூடி, தனித்தனியாக நைட்ரஜன் கொடுத்து ஒரு ராத்திரி விட வேண்டும். உள் பக்கம் இறங்கினால் அது பாடி லீக். சுவருக்கு நடுவில் சூடு புகாமல் அடைத்திருக்கும் ஃபோமுக்குள் குழாய் புதைந்திருப்பதால் அந்த இடத்தைத் தோண்டி ஒட்டுவது பெரும்பாலும் நிலைக்காது. உள்சுவரை ஒட்டிப் புதிதாகச் செம்புக் காயில் சுற்றித் தருவார்கள். நன்றாகச் சுற்றினால் வருடக்கணக்கில் ஓடும், ஆனால் உள்ளே இடம் கொஞ்சம் குறையும், காயில் வெளியே தெரிவதால் பொட்டலம் போடும்போது கவனம் வேண்டும். அந்தச் செலவு புதுப் பெட்டி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

பழைய பெட்டி என்பதால் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அதில் நின்ற பெட்டிகள் நிறையப் பேர் வீட்டில், கடையில் இருக்கின்றன. உங்கள் கடைக்குள் தண்ணீர் வந்ததா? பெட்டியின் அடி ஃபோம் தண்ணீரைக் குடித்திருந்தால் அது குளிரைத் தாங்காது. வெளிப்பக்கத்தில் கீழ்ப் பகுதி மட்டும் வேர்த்து ஒழுகும், தொட்டால் ஜில்லென்று இருக்கும், பெட்டி அதன் அளவுக்கு மேல் கனக்கும். அது அப்படி என்றால் கேஸ், கம்ப்ரஸர், காயில் எதிலும் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

கம்ப்ரஸர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். கேஸ் குறைந்த பெட்டியில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், குறைந்த ஆம்பியர் எடுக்கும், குளிர் வராது. வால்வு போன கம்ப்ரஸரும் அப்படியேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. லீக் அடைத்து, டிரையர் மாற்றி, வேக்யூம் இழுத்து, பெயர்ப்பலகையில் உள்ள எடைக்குக் கேஸ் ஏற்றின பிறகும், உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் இறங்காமல் தள்ளும் பக்கத்து அழுத்தம் ஏறாமல் நின்றால்தான் வால்வு போய்விட்டது என்று சொல்லலாம். அதற்கு முன்னால் கம்ப்ரஸர் மேல் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. லீக் இருக்கும் குழாயில் புதுக் கம்ப்ரஸர் மாட்டினால் அதுவும் மூன்று வாரம்தான் ஓடும். கேஸ் குறைந்து நாள் முழுக்க ஓடினால் ஆயில் சரியாகத் திரும்பாமல், குளிர்ச்சி கிடைக்காமல், புதுசும் கெடும்.

வேலை முடியும்வரை சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஐஸ் வாங்கி நொறுக்கித் தெர்மாகோல் பெட்டியில் போடுங்கள், ஓடுகிற ஃப்ரீசரை நம்ப வேண்டாம். இதுவரை மதியத்தில் இளகி ராத்திரியில் உறைந்த இறாலை விற்காதீர்கள். முக்கியமாகச் சூரை, காணாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்கள். அவை குளிர் விட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். நாற்றம் தெரியாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பு வந்து, தலைவலியும் வாந்தியும் வரும். உங்கள் கடைப் பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும். மனது கஷ்டமாகத்தான் இருக்கும், கொட்டிவிடுங்கள்.

நாளைக் காலையில் ஜாலியைக் கழற்றிக் காயிலைப் பாருங்கள், பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், ரப்பரைக் கழுவுங்கள், வோல்டேஜ் அளந்து வையுங்கள். ஈரத்துணிச் சோதனையை ஞாயிற்றுக்கிழமை சரக்கு தீர்ந்த பிறகு செய்யலாம். பிறகு நைட்ரஜனும் தராசும் வைத்திருக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டு, லீக் எங்கே இருந்தது, டிரையர் மாற்றியது, கேஸ் எத்தனை கிராம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பனிக் கோட்டின் படம், காயிலின் படம், பெயர்ப்பலகையின் படம், நைட்ரஜன் ஏற்றின மறுநாள் காலை கேஜ் முள் எங்கே நின்றது என்ற விவரம், நான்கையும் எனக்கு அனுப்புங்கள். கம்ப்ரஸரைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.